நோட்டில் குறித்து வைத்த 41 லிங்க்குகளில் 17தான் திறக்கிறது. மற்றவை எங்கே போயின?

கெடிலக்கரை
ஞாயிறு, இரவு 8:40

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கணினி எனக்கு அரைகுறைதான், பதில் சொல்பவர்கள் கொஞ்சம் இறங்கி வந்து சொன்னால் நல்லது.

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் எங்கள் ஊருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது இங்கே பலருக்கு நினைவிருக்கும். கரன்ட் திரும்பி வந்த பிறகு ஒரு பைத்தியம் பிடித்தது எனக்கு. புயல் பற்றி இணையத்தில் வந்த செய்தி, படம், பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் சாய்ந்த கதை, கம்பம் நட வெளியூரிலிருந்து வந்த மின்வாரியத் தொழிலாளர்கள் பற்றிய கட்டுரை என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஒரு நோட்டில் லிங்க்கோடு எழுதி வைத்தேன். கையால்தான். ஓர் எழுத்து விட்டாலும் திறக்காது என்று மகள் பயமுறுத்தியதால் இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்தேன். மொத்தம் 41.

போன வாரம் எங்கள் வாசகர் வட்டத்தில் புயலைப் பற்றிப் பேசும் முறை எனக்கு வந்தது. நோட்டை எடுத்து, மகளின் லேப்டாப்பில் ஒவ்வொன்றாக அடித்தேன். 17 திறந்தது. 11-இல் 404 என்று வந்தது. 6 லிங்க் அந்தந்த நாளிதழின் முகப்புப் பக்கத்தில் கொண்டு போய் விட்டது, கட்டுரை இல்லை. 4-இல் தளத்தை அடைய முடியவில்லை என்றது. இரண்டு பக்கங்கள், பழைய புயல்களைப் பற்றி யாரோ 2001 வாக்கில் எழுதியவை, திறந்தன. ஆனால் தமிழுக்குப் பதில் தலையில் கொம்பும் வாலும் முளைத்த ஆங்கில எழுத்துகள். மிச்சம் ஒன்று நிவாரணப் பொருள் சேகரித்த இளைஞர்களின் தளம். அது என்னை ரம்மி ஆடக் கூப்பிட்டது. மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

என் அலமாரியில் 1960-இல் வாங்கிய புத்தகம் இருக்கிறது. பூச்சி அரித்திருக்கிறது, ஆனால் திறந்தால் அதே பக்கம்தான் வருகிறது. ஒரு லிங்க்கை அழுத்தினால் உண்மையில் என்னதான் நடக்கிறது? ஏன் இத்தனை விதமாகக் கெட்டுப் போகிறது?

வலைத்தறி
ஞாயிறு, இரவு 10:15

ஐயா, வகை பிரித்து எழுதினீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. நான் புதுச்சேரி லாஸ்பேட்டையில் இணையதளம் கட்டிக் கொடுக்கிற தொழிலில் இருக்கிறேன். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ‘சைட் வேலை செய்யல’ என்ற ஒரே வரியோடு நிறுத்திவிடுவார்கள்.

லிங்க் என்பது ஒரு முகவரி, அவ்வளவுதான். முதல் துண்டு எந்த முறையில் பேச வேண்டும் என்பது, அதாவது எச்டிடிபி. அடுத்தது தளத்தின் பெயர். அதற்குப் பிறகு சாய்கோடு போட்டு வருவதெல்லாம் தளத்துக்குள் போகிற பாதை. நீங்கள் அழுத்தியதும் பிரவுசர் முதலில் அந்தப் பெயருக்குரிய எண்ணை டிஎன்எஸ் என்ற பெயர்ப் பதிவேட்டிடம் கேட்கும். எண் கிடைத்தால் அந்தக் கணினியின் கதவைத் தட்டி, ‘இந்தப் பாதையில் இருப்பதைக் கொடு’ என்று கேட்கும். பதிலின் முதல் வரியில் மூன்று இலக்க எண் ஒன்று வரும். 200 என்றால் இந்தா. 301 என்றால் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது, புது முகவரி இது. 404 என்றால் இங்கே அப்படி ஒன்றும் இல்லை. 410 என்றும் ஒன்று உண்டு, ‘இருந்தது, எடுத்துவிட்டோம்’ என்று நேர்மையாகச் சொல்வது. என் பத்து வருட வேலையில் அதை யாராவது பயன்படுத்திப் பார்த்தது இரண்டு தடவை.

ஆக உங்கள் 11-இல் வீட்டுக்காரர் கதவைத் திறந்து, ‘அந்தப் பெயரில் யாரும் இல்லையே’ என்கிறார். 4-இல் தெருவே இல்லை. தளத்தின் பெயர் யாருக்கும் சொந்தமில்லை, வாடகைதான். டாட் காம் பெயர் ஒன்றை ஒரே தடவையில் அதிகபட்சம் பத்து வருடத்துக்குத்தான் எடுக்க முடியும். பணம் கட்ட மறந்தால் பெயர் சந்தைக்கு வந்துவிடும். நல்ல காரியத்துக்காக நாலு பேர் லிங்க் கொடுத்து வைத்திருந்த பெயர் என்றால் தேடுபொறியில் அதற்கு மதிப்பு இருக்கும், அதற்காகவே வாங்குகிற ஆட்கள் உண்டு. உங்கள் ரம்மி அப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

முகப்புக்குக் கொண்டு போன ஆறு பற்றித்தான் எனக்கு எரிச்சல். நாளிதழ் தளத்தின் மென்பொருளை மாற்றியிருப்பார்கள். பழைய பாதை ஒவ்வொன்றுக்கும் புதுப் பாதை எது என்று 301 எழுத வேண்டும். இங்கே நேரு வீதியை இன்னும் துப்ளேக்ஸ் வீதி என்று யாராவது கேட்டால், பழைய ஆட்டோக்காரர் சரியாகக் கொண்டு போய்விடுவார். அந்த மாதிரி. அதைச் செய்யச் சோம்பல்பட்டு, பழைய முகவரி எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடுவார்கள். எந்த வீட்டைக் கேட்டாலும் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுகிற ஆட்டோ. கணக்குக்கு ஒன்றும் உடையவில்லை, 404 எண்ணிக்கை பூஜ்யம். இப்படிச் செய்யச் சொல்லி என்னிடமே கேட்டிருக்கிறார்கள். ஒரு தடவை செய்தும் கொடுத்திருக்கிறேன், பொய் சொல்வானேன்.

கெடிலக்கரை
திங்கள், காலை 6:05

நன்றி தம்பி. இப்போது கொஞ்சம் புரிகிறது. ஆனால் ஒன்று. ஒரு கட்டுரை இன்னொரு கட்டுரைக்கு லிங்க் கொடுக்கிறது. அந்த இரண்டாவது கட்டுரையை எடுத்துவிட்டால் முதல் கட்டுரைக்காரருக்குத் தகவல் போகாதா? சம்பந்தி வீட்டில் துக்கம் என்றால் நமக்குச் சொல்லி அனுப்புவார்களே.

வலைத்தறி
திங்கள், பிற்பகல் 1:30

போகாது ஐயா. சம்பந்தம் ஆனதே அவர்களுக்குத் தெரியாது. லிங்க் எழுதப்பட்டிருப்பது முதல் பக்கத்தில் மட்டும். இரண்டாவது பக்கத்தில் அதற்கு எந்தத் தடயமும் இல்லை. ஒருதலைக் காதல்.

இது தெரியாமல் நடந்த தவறு இல்லை, தெரிந்தே செய்த ஏற்பாடு. ஹைப்பர்டெக்ஸ்ட் என்ற சொல்லை 1965-இல் உலகத்துக்குக் கொடுத்த டெட் நெல்சன் கனவு கண்டது இரண்டு பக்கமும் அறிந்த இணைப்பு. எதை எங்கிருந்து எடுத்தாலும் மூலத்தோடு தொடர்பு அறுபடாது, மூலம் எழுதியவருக்குச் சேர வேண்டிய காசும் சேரும். சனாடு என்று பெயர் வைத்துப் பல பத்தாண்டுகள் அதோடு மல்லுக்கட்டினார். ஊர் பயன்படுத்துகிற பொருளாக அது வரவே இல்லை.

1989 மார்ச்சில் ஜெனீவா பக்கத்தில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். ஆயிரக்கணக்கான பேர் வந்து போகிற இடம், ஆள் மாறினால் தகவலும் தொலைகிறது என்பதுதான் அவருடைய புகார். அதாவது ஐயாவின் நோட்டுப் பிரச்சினைதான் வலை பிறந்த கதையே. மேலதிகாரி மைக் செண்டால் அதன் மேலே ‘தெளிவில்லை, ஆனால் ஆர்வமூட்டுகிறது’ என்று எழுதி வைத்தார். பெர்னர்ஸ்-லீ துணிந்து விட்டுக்கொடுத்தது அந்த இரண்டு பக்க இணைப்பைத்தான். யாரும் யாரையும் கேட்காமல் லிங்க் கொடுக்கலாம், எதிர்ப்பக்கம் இல்லாமல் போனால் 404 வரட்டும். இதனால் நடுவில் பெரிய பதிவேடு தேவைப்படவில்லை. 1991 டிசம்பரில் சான் அன்டோனியோ ஹைப்பர்டெக்ஸ்ட் மாநாட்டுக்கு அவர் அனுப்பிய கட்டுரையை ஏற்கவில்லை, செயல்விளக்கம் காட்டத்தான் இடம் கொடுத்தார்கள். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் இதை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. அப்புறம் நடந்தது தெரியும்.

இரண்டு பக்கமும் பதிய வேண்டும் என்று வைத்திருந்தால், நிவாரணம் சேர்த்த பையன்கள் ஒரு லிங்க் கொடுக்கப் பதிவு அலுவலகத்தில் நின்றிருப்பார்கள். உடைகிற லிங்க்தான் ஊருக்கெல்லாம் கிடைக்கிற லிங்க். எனக்கு இது நல்ல வியாபாரமாகத்தான் படுகிறது.

பாகூர் ஏரி
திங்கள், பிற்பகல் 2:10

செர்னில் வைத்த உலகின் முதல் வலைப்பக்கத்தின் முகவரியே பல காலம் வேறு இடத்துக்குத் திருப்பி விடப்பட்டிருந்தது. 2013-இல்தான் செர்ன் பழைய முகவரியிலேயே மறுபடி வைத்தது. முதல் வீட்டுக்கே அந்தக் கதி, நமக்கு என்ன.

பாதிரிமரத்தடி
திங்கள், இரவு 9:50

சார், நான் திருப்பாதிரிப்புலியூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவன். இப்போது அது ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம். பலகை மட்டும் பழசு.

உங்கள் இரண்டு கொம்பு முளைத்த பக்கங்களுக்கு என்னிடம் மருந்து இருக்கிறது. 2001-இல் கடை திறந்தபோது ஆறு கணினி. காலையில் வந்ததும் முதல் வேலை, நேற்று வந்த பையன்கள் அழித்துவிட்டுப் போன தமிழ் எழுத்துருக்களை மறுபடி ஏற்றுவது. ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஓர் எழுத்துரு. ஒன்றின் எழுத்துருவில் இன்னொன்றைத் திறந்தால் கண்ணராவி. டிஸ்கி, டாப், பாமினி என்று ஆளுக்கொரு முறை. ஐரோப்பிய எழுத்துகள் உட்கார வேண்டிய இடங்களில் நம் எழுத்துகளின் உருவத்தை வரைந்து உட்கார வைத்திருந்தார்கள். எழுத்துரு இருக்கிறவரை தமிழ். அது போனால் கீழே இருக்கிற ஐரோப்பிய எழுத்து எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே எண் என்கிற ஒருங்குறி (யூனிகோட்) பரவிய பிறகுதான் இந்தத் தொல்லை தீர்ந்தது.

நல்ல செய்தி என்னவென்றால் அந்தப் பக்கத்தில் தகவல் அப்படியே இருக்கிறது. எல்லாவற்றையும் காப்பி செய்து பொங்குதமிழ் மாதிரி ஒரு மாற்றியில் ஒட்டி, எந்த எழுத்துரு என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். ஏதோ ஒன்றில் தமிழாகிவிடும். எனக்கு லிங்க்கை அனுப்பினாலும் சரி.

இன்னொரு கூத்தும் சொல்லிவிடுகிறேன். தமிழில் பெயர் வைத்த பக்கத்தின் லிங்க்கை வாட்ஸப்பில் அனுப்பினால் சதவீதக் குறியும் எண்ணுமாக அனுமார் வால் போல நீள்கிறதே, அதைப் பார்த்து வைரஸ் என்று பயந்து வருகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. வைரஸ் இல்லை. கடலூர் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருங்குறியில் அது ஆறு குறி: க, ட, ல, ஊகாரத்தின் துணைக்குறி, ர, புள்ளி. ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். முகவரிக்குள் போகும்போது ஒரு பைட்டுக்கு ஒரு சதவீதக் குறியும் பின்னால் இரண்டு எழுத்தோ எண்ணோ. ஆக ஒரு குறிக்கு 9, கடலூருக்கு 54. புதுச்சேரிக்கு 90. பாண்டி என்றே வைத்திருந்தால் 54-இல் முடிந்திருக்கும், அது வேறு விஷயம்.

போன வருடம் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்கு விவரம் பார்க்க வேண்டுமாம். போனை நீட்டினார். லிங்க் இல்லை, லிங்க்கின் ஸ்கிரீன்ஷாட். யாரோ எடுத்து, யாரோ அனுப்பி, குழு குழுவாகச் சுற்றி வந்த படம். அழுத்தினால் படம்தான் பெரிதாகிறது. சரி, பார்த்து அடிக்கலாம் என்றால் முகவரி பாதியில் மூன்று புள்ளியோடு நிற்கிறது. போனுக்குத் திரையில் இடம் போதவில்லை என்று அது சுருக்கிக்கொண்டது. அந்த மூன்று புள்ளிக்குள்தான் விஷயமே இருக்கிறது. தளத்தின் பெயர் மட்டும் தெரிந்தது, அதை அடித்து, உள்ளே போய், ஒவ்வொரு படியாக இறங்கி இருபது நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தேன். பத்து ரூபாய் வாங்க மனசு வரவில்லை.

இதைச் சொல்வது எதற்கென்றால், உங்கள் 404-களுக்கும் அதே வழிதான். முகவரியின் வாலை ஒவ்வொரு சாய்கோடாக வெட்டிக்கொண்டே மேலே வாருங்கள். பல தளங்களில் ஓரிடத்தில் கால் ஊன்றும். அங்கிருந்து கீழே தேடலாம்.

உப்பனாறு
திங்கள், இரவு 11:20

எல்லோரும் கோபப்படாதீர்கள். நான் கல்லூரி மூன்றாம் வருடம், கடலூர் முதுநகர். என் வகுப்பில் லிங்க்கை அழுத்திப் படிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்? இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே முகவரி எழுதினால் அது அழுத்தவே அழுந்தாது. ‘பயோவில் லிங்க்’ என்று எழுதுவார்கள், யாரும் போக மாட்டோம். கூகுளிலும் இப்போது மேலேயே சுருக்கமாகப் பதில் வந்துவிடுகிறது. தானே புயல் எப்போது என்று கேட்டால் தேதியைச் சொல்லிவிடும். தேதி தெரிந்த பிறகு பக்கம் எதற்கு? லிங்க் போய்விட்டது என்று அழுவது தந்தி போய்விட்டது என்று அழுவது மாதிரி.

பாதிரிமரத்தடி
செவ்வாய், காலை 7:15

தேதி எனக்கும் தெரியும் தம்பி. என் கடைக் கூரை போன தேதி.

ஏட்டுப்பூச்சி
செவ்வாய், பகல் 11:40

புதுச்சேரியில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. தாமதமாக வந்ததற்கு மன்னிக்கவும், நூலக இருப்புச் சரிபார்ப்பு நடக்கிறது.

உப்பனாறு தம்பி, கூகுள் பதில் சொல்லும், சரி. அந்தப் பதில் எதைப் பார்த்துச் சொல்கிறது? யாரோ எழுதி வைத்த பக்கத்தைத்தான். கூகுளே எழுந்தது லிங்க்கின் மேல்தான். 1998-இல் ஸ்டான்ஃபோர்டில் இருந்த பேஜும் பிரின்னும் ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள் லிங்க் கொடுக்கின்றன, கொடுப்பவை எப்படிப்பட்டவை என்று எண்ணித்தான் எது முக்கியம் என்று தீர்மானித்தார்கள். கையைக் காட்டுகிறவர்கள் இல்லாமல் போனால் எந்தப் பக்கம் பார்ப்பது என்று அதற்கும் தெரியாது. இதற்கு மேல் இதைப் பேச எனக்கு ஆர்வமில்லை.

கெடிலக்கரை ஐயாவுக்கு. வலைத்தறி சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். லிங்க் உடைவது அது இடத்தைச் சுட்டுவதால். பொருளைச் சுட்டினால் உடையாது. தமிழாசிரியருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, குறள் 423 என்றால் எந்தப் பதிப்பகம், எந்த வருடம், எந்தப் பக்கம் என்ற கேள்வியே இல்லை. கையடக்கப் பதிப்பிலும் உரையோடு வந்த தடிப் புத்தகத்திலும் அதே குறள். எண் இல்லாமல் ‘எப்பொருள்’ என்று தொடங்கி ‘மெய்ப்பொருள் காண்ப தறிவு’ என்று முடியும் குறள் என்று சொல்லிப் பாருங்கள். 355-ஆ, 423-ஆ? இரண்டும் அப்படித்தான். உங்கள் ஊர்ப் பதிகம் ‘ஈன்றாளுமாய்’, நாலாம் திருமுறை 94 என்றால் எந்த ஓதுவாரும் எடுத்துக் கொடுப்பார். நூலகத் துறையில் ஆய்வுக் கட்டுரைகளுக்கு டிஓஐ என்று ஓர் எண் கொடுக்கிறோமே, அதுவும் இந்த வகைதான். கட்டுரை எந்தத் தளத்துக்கு மாறினாலும் எண் மாறாது. மாறிய இடத்தைப் பதிப்பாளர் பதிவேட்டில் திருத்தினால் போதும். திருத்தாவிட்டால் அதுவும் உடையும்தான்.

நாளிதழ்ச் செய்திக்கு அப்படி எண் கிடையாது. பிறகு என்ன செய்வது? உரையாசிரியர்களை நினைத்துப் பாருங்கள். பழைய வரி ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு ‘என்றார் பிறரும்’ என்று போய்விடுவார்கள். எந்த நூல் என்று சொல்ல மாட்டார்கள். முகவரியே இல்லாத லிங்க். உ.வே.சா. சிந்தாமணியைப் பதிப்பிக்கும்போது, அது வெளிவந்தது 1887-இல், அந்த வரிகள் எந்த நூலில் இருக்கின்றன என்று ஏடு ஏடாகப் புரட்டித் தேடினார். அவரால் கண்டுபிடிக்க முடிந்தது ஏன்? வரி அப்படியே இருந்ததால். சிந்தாமணிக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் அந்த வரியை எழுதாமல், ‘இன்னார் வீட்டுப் பரணில் மூன்றாவது கட்டு’ என்று மட்டும் குறித்திருந்தால் நாம் என்ன செய்திருப்போம்?

ஐயா, உங்கள் நோட்டில் லிங்க் மட்டும்தானா? தலைப்போ, ஒரு வரியோ குறித்திருக்கிறீர்களா?

இன்னொன்று, ஓலை காலத்துக்கும் நிற்கும் என்று நினைக்கிறோம். நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் நிற்காது. மறுபடி மறுபடி படியெடுத்ததால்தான் நூல் வந்தது. இங்கே பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருக்கும் சைவச் சுவடிகளை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அங்கே போய்ப் பார்த்தால் பழைய ஓலைகளோடு, அவற்றைப் பார்த்துத் தாளில் எழுதிய படிகளும் இருக்கும். வலையில் படியெடுக்கிற வேலையை 1996 முதல் இன்டர்நெட் ஆர்க்கைவ் செய்கிறது. அதன் வேபேக் மெஷினில் உங்கள் செத்த முகவரியை அப்படியே ஒட்டுங்கள். எந்தெந்த நாளில் படியெடுத்தது என்று ஒரு நாட்காட்டி வரும். அந்தப் படியின் முகவரிக்குள் 14 இலக்கம் ஒன்று இருக்கும், அது படியெடுத்த வருடம், மாதம், நாள், மணி, நிமிடம், நொடி. எனக்கு அதன் மேல் ஒரு மயக்கம் உண்டு. தன் வயதைத் தானே சொல்கிற லிங்க்.

எல்லாம் இருக்காது. அது உள்ளே வரக் கூடாது என்று கதவைச் சாத்திய தளங்களும் உண்டு, பக்கத்தை எடுத்துப் படத்தை விட்டுவிட்டதும் உண்டு.

பாகூர் ஏரி
செவ்வாய், பகல் 12:05

அமெரிக்காவின் ப்யூ ஆய்வு மையம் 2024-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் 38% பத்து வருடத்தில் காணாமல் போயிருந்தன. ஐயாவின் நோட்டு அதைவிட மோசம்.

வலைத்தறி
செவ்வாய், மாலை 6:30

அக்கா சொன்னது உறைக்கிறது. நான் தளம் மாற்றும்போது 301 எழுதுவதோடு சரி, படியெடுத்து வைக்கச் சொல்லி ஒரு வாடிக்கையாளரிடமும் சொன்னதில்லை.

ஐயா, தேடும்போது ஒரு தந்திரம். தலைப்பு தெரிந்தால் அதை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். அதே வரி அதே வரிசையில் இருக்கும் பக்கம்தான் முன்னால் வரும். ஊர்ப் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். எங்கள் ஊருக்குப் புதுவை, பாண்டி, பாண்டிச்சேரி, புதுச்சேரி என்று நாலு பெயர். 2006-இல் அரசு பெயரை மாற்றியதற்கு முன்னும் பின்னும் எழுதியவர்கள் வேறு வேறு பெயரில் எழுதியிருப்பார்கள். உங்கள் ஊரைப் பழைய பெயரில் கூடலூர் என்று தேடினால் நீலகிரிக்குப் போய்விடுவீர்கள்.

கெடிலக்கரை
வியாழன், இரவு 9:20

இரண்டு நாள் இதே வேலை. மகள் லேப்டாப்பை என்னிடமே விட்டுவிட்டு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள்.

கணக்கு சொல்கிறேன். கெட்டது 24. ஏட்டுப்பூச்சி அம்மா சொன்ன இடத்தில் 9 கிடைத்தது. ஒன்றில் எழுத்து இருக்கிறது, படம் இருந்த இடத்தில் வெறும் சதுரம். ரம்மித் தளத்தின் 2012 ஜனவரி முகம் அதில் இருந்தது. பாய், போர்வை, மெழுகுவர்த்தி தேவை என்று எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பாதிரிமரத்தடி தம்பி சொன்னபடி வாலை வெட்டி மேலே ஏறியதில் 3 கிடைத்தது. கொம்பு முளைத்த இரண்டும் பொங்குதமிழில் போட்டதும் தமிழாகிவிட்டது, ஒன்றில் மட்டும் ஆகாரக் கால் எல்லாம் ரகரமாக வந்து நிற்கிறது. பழகிவிட்டால் படிக்கலாம்.

அம்மா கேட்ட கேள்விக்குப் பதில். 41-இல் வெறும் லிங்க் மட்டும் எழுதியதுதான் அதிகம். நாலே நாலுக்கு மட்டும், பிடித்துப் போனதால், முதல் வாக்கியத்தையும் எழுதியிருந்தேன். அதில் மூன்று கெட்டவை. அந்த மூன்றையும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினேன், மூன்றும் வேறு தளங்களில் கிடைத்தன! ஒன்று ஆசிரியரே தன் பக்கத்தில் எடுத்துப் போட்டிருக்கிறார். முப்பது வருடம் பிள்ளைகளிடம் ‘மேற்கோளைப் பிழையில்லாமல் எழுது’ என்று பிரம்போடு நின்றவன் நான். அந்த நோட்டில் நானே எழுதவில்லை.

மிச்சம் 7. அதில் ஆறை விட்டுவிட்டேன். ஒன்றை விட மனமில்லை. புயலுக்கு மறுநாள் பண்ருட்டிப் பக்கம் ஒரு பலாத் தோப்பில் எடுத்த படம். வேரோடு சாய்ந்த மரத்தின் மேல் ஒரு பெரியவர் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். நாளிதழின் தளத்தில் இருந்தது, முகப்புக்குத் திருப்பிவிட்ட ஆறில் அதுவும் ஒன்று. வேபேக்கில் இல்லை. தலைப்பு எழுதவில்லை. நோட்டில் லிங்க்குக்குப் பக்கத்தில் ‘பலா பெரியவர்’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

உப்பனாறு
வியாழன், இரவு 10:45

ஐயா, லிங்க்கை யாரும் அழுத்துவதில்லை என்பதில் எனக்கு இன்னும் மாற்றமில்லை. ஆனால் கிடைத்த பக்கங்களையும் இப்போது திறக்கிற 17-ஐயும் வேபேக்கில் போட்டு இன்றைய தேதிக்குப் படியெடுத்து வைக்கலாம், முகவரியை ஒட்டி ஒரு பொத்தானை அழுத்துவதுதான். நோட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், நான் உட்கார்ந்து செய்கிறேன். மூன்று புள்ளி வராமல் எடுக்கவும்.

கெடிலக்கரை
வெள்ளி, காலை 5:50

கையெழுத்தில் மூன்று புள்ளி வராது தம்பி. என் ‘1’-உம் ‘7’-உம் ஒரே மாதிரி இருக்கும், சந்தேகம் வந்தால் கேள்.

பாதிரிமரத்தடி
வெள்ளி, இரவு 8:30

சார், அந்தப் பெரியவர் தலையில் துண்டு கட்டியிருப்பாரா? பக்கத்தில் ஒரு சைக்கிள் படுத்திருக்குமா?

கெடிலக்கரை
வெள்ளி, இரவு 8:42

ஆமாம்! சைக்கிள் இருக்கும். எங்கே பார்த்தாய்?

பாதிரிமரத்தடி
வெள்ளி, இரவு 9:10

கடையில். புயல் முடிந்து கூரை மாற்றியபோது அப்பா அந்த வாரப் பேப்பர்களை வெட்டி ஒரு அட்டையில் ஒட்டி வைத்தார். கல்லாப் பெட்டிக்குப் பின்னால் லேமினேஷன் போட்டு மாட்டியிருக்கிறேன், தினமும் பார்ப்பதால் கவனிப்பதே இல்லை. படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயரும் தேதியும் தெளிவாக இருக்கிறது. நாளை ஸ்கேன் செய்து வைக்கிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு மஞ்சக்குப்பம் மைதானத்துப் பக்கம் வேலை இருக்கிறது, வரும்போது கொண்டு வருகிறேன். பென் டிரைவ் எடுத்து வாருங்கள், லிங்க் அனுப்ப மாட்டேன்.